சின்னத் தட்டு இத்தாலியச் சாப்பாடு: திருவனந்தபுரமா, கோவளமா, நாகர்கோவிலா, வீடா?

அப்பா அம்மாவின் 45-வது கல்யாண நாள் ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதே மாதம் அத்தையும் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். அத்தை கன்னியாஸ்திரி. பதுவைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பணி செய்கிறார். பதுவை என்றால் நம் ஊர்க் குருசடிகளில், அதாவது தெருவோரச் சிற்றாலயங்களில், எல்லாம் நிற்கிற அந்தோணியாரின் பதுவைதான். இத்தாலிக்காரர்கள் பாதோவா என்பார்கள். அங்கிருந்து வெனிஸ் சுமார் 40 கிலோமீட்டர், ரயிலில் அரை மணி நேரம்.

அக்கா மகளுக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. அங்கே சின்னச் சின்னத் தட்டாகக் கொண்டுவந்து வைக்கிற ஒரு இத்தாலியன் ரெஸ்டாரன்ட் இருக்கிறது, கல்யாண நாளுக்கு எல்லோரும் அங்கே போகலாம், அத்தைக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். அண்ணனுக்குக் கோவளம் போக ஆசை. மைனி (அண்ணனின் மனைவி), அப்பாவின் முழங்கால் வலியை நினைத்து, நாகர்கோவிலிலேயே ஏதாவது பார்க்கலாம் என்றார். அம்மா மட்டும் "வீட்டில வச்சா என்ன?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

ஆக நான்கு வழிகள், பதினோரு பேர். மூத்தவர் அப்பா, 76 வயது. இளையவன் அண்ணன் மகன், 5 வயது. இரண்டு வாரம் இதே யோசனையாக இருந்தேன். சில இடங்களுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தேன். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்கிற குடும்பங்களுக்கு உதவும் என்பதால் பார்த்ததைச் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நான்கு பேர் என்றால் திருவனந்தபுரம் போங்கள், அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு. ஆறு பேருக்கு மேல் என்றால், அதிலும் வயதானவர்கள் இருந்தால், வீட்டில் செய்யுங்கள்.

முதலில் இந்தச் சின்னத் தட்டு என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் நல்லது. பாதி ஏமாற்றம் அது தெரியாமல் போய் உட்காருவதால்தான் வருகிறது. வெனிஸில் பாக்கரோ என்று சின்னச் சின்ன மதுக்கடைகள் உண்டு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெத்தி என்கிற சிறு தீனிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு துண்டு ரொட்டியின் மேல் மீன், வேகவைத்த அரை முட்டையின் மேல் நெத்திலி, பொரித்த இறைச்சி உருண்டை, இப்படி. அதில் இரண்டைத் தின்று, ஒம்ப்ரா என்கிற சின்ன கிளாஸில் கொஞ்சம் வைனைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார்கள். ஒம்ப்ரா என்றால் நிழல். அந்தக் காலத்தில் புனித மாற்கு சதுக்கத்தில் வைன் விற்றவர்கள், மணிக்கூண்டின் நிழல் நகர நகரத் தங்கள் வண்டியையும் நகர்த்திக்கொண்டே போனதால் அந்தப் பேர் வந்தது என்று சொல்வார்கள்.

"அங்க எல்லாரும் நின்னுட்டேதான் மக்ளே தின்னுவாவ. வயிறு நிறையத் தின்னுகது வீட்டிலதான்" என்றார் அத்தை.

நம் ஊர் நகரங்களில் திறந்திருக்கிற இத்தாலியச் சின்னத் தட்டு உணவகங்கள் இந்த வழக்கத்தை எடுத்து, உட்கார்ந்து சாப்பிடுகிற இடமாக மாற்றியிருக்கின்றன. மெனுவில் வெனிஸ் மட்டும் இருக்காது. சிசிலியின் அரான்சினி உருண்டை, புலியா மாகாணத்தின் புர்ராட்டா சீஸ், லிகூரியாவின் ஃபொக்காச்சா ரொட்டி என்று நாட்டின் நான்கு மூலைகளும் ஒரே மேஜைக்கு வரும். அதில் தப்பில்லை. கேரளத்து அவியலையும் செட்டிநாட்டு வறுவலையும் ஒரே இலையில் வைப்பதைப் போலத்தான்.

இலை என்றதும் எனக்குத் தோன்றியது நம் தொடுகறிதான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் இஞ்சி, நாரங்காய், கிச்சடி, பச்சடி, துவரன், எரிசேரி, அவியல் என்று இலையின் மேல் ஓரம் முழுக்க வைத்துக்கொண்டே போவார்களே, அது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், ஒவ்வொன்றும் வேறு ருசி. ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு, அந்த இரண்டும்தான் நம் முடிவைத் தீர்மானிக்கும். நம் பந்தியில் எல்லாத் தொடுகறியும் ஒவ்வொருவர் இலையிலும் தனித்தனியாக விழும். சின்னத் தட்டில் ஒரே தட்டை எல்லோரும் பங்கிட வேண்டும். நமக்கு நடுவில் சோறு உண்டு, தொடுகறி சோற்றுக்குத் துணை. அங்கே நடுவில் எதுவும் கிடையாது, துணைகள் மட்டுமே வந்துகொண்டிருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, கல்யாண நாளுக்கு ஒரு வாரம் முன்பு அத்தை, அக்கா, அக்கா மகள், நான் என்று நான்கு பேர் மட்டும் திருவனந்தபுரம் போனோம். பார்வதிபுரம், தக்கலை, அழகியமண்டபம் வரை பிரச்சினை இல்லை. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு பழைய நெரிசல் குறைந்திருக்கிறது. களியக்காவிளை தாண்டினால்தான் வண்டி ஊரத் தொடங்கும். நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரம் முக்கிலும் நின்று நின்று, சுமார் 70 கிலோமீட்டருக்கு எங்களுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. திரும்பி வரும்போதும் அதே அளவுதான். அப்பாவால் நாலரை மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. இந்த ஒரு காரணமே எங்களுக்குப் பாதி முடிவைச் சொல்லிவிட்டது. நாகர்கோவில் சந்திப்பிலிருந்து ரயிலில் போனால் காலை நீட்ட முடியும், எழுந்து நடக்கலாம். நான்கு பேர் என்றால் அதையே சொல்வேன்.

உணவகம் நன்றாக இருந்தது என்பதைத் தயங்காமல் சொல்வேன். நாங்கள் எடுத்தது ஒன்பது தட்டு. முதலில் வந்தது புருஸ்கெட்டா. அதைப் புருஷெட்டா என்று சொல்கிறவர்கள் அதிகம். இத்தாலியில் அது 'ஸ்கெ' தான் என்று அத்தை சொல்லித் தந்தார். சுட்ட ரொட்டியின் மேல் பூண்டை ஒரு தேய் தேய்த்து, நறுக்கிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் போட்டிருந்தார்கள். கடித்தால் மேலே ஈரம், அடியில் மொறுமொறு. ரொட்டி இனிக்கவில்லை. இந்த விஷயத்துக்கு நாகர்கோவில் கதையில் திரும்ப வருவேன்.

அப்புறம் புர்ராட்டா. வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்ட மாதிரி, கைப்பிடி அளவுக்கு ஒரு உருண்டை. வெளியே மொசரெல்லா தோல், உள்ளே கிரீமும் பிய்த்துப் போட்ட சீஸ் இழைகளும். அத்தை கத்தியால் மெதுவாக ஒரு கீறு கீறினார். உள்ளே இருந்த கிரீம் வழிந்து, சுற்றி இருந்த தக்காளிச் சாற்றில் கலந்து இளஞ்சிவப்பாக ஆனது. அத்தை ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் பேசவில்லை. "புதுசாக்கும்" என்றார். புர்ராட்டாவுக்கு அதுதான் எல்லாம். செய்த இரண்டொரு நாளுக்குள் தின்றுவிட வேண்டும். பழையதானால் தோல் ரப்பர் மாதிரி ஆகும், கிரீம் லேசாகப் புளிக்கும். அதனால் போகும் முன் போன் செய்து, சீஸ் என்றைக்கு வருகிறது என்று கேட்டுவிட்டு அந்த நாளில் போங்கள். கேட்டால் சொல்வார்கள்.

இப்போது இந்தச் சீஸ் எல்லாம் இத்தாலியிலிருந்து விமானத்தில் வர வேண்டியதில்லை. பெங்களூரில் வல்லம்புரோசா சபையைச் சேர்ந்த பெனடிக்டின் துறவிகள் மடத்திலேயே மொசரெல்லா செய்து விற்கிறார்கள். இத்தாலியில் கற்றுக்கொண்டு வந்த தொழில் அது. அத்தைக்கு இந்தச் செய்தி புர்ராட்டாவை விட அதிகமாக இனித்தது.

பங்கிடுவதில் சிக்கல் அரான்சினியில்தான் வந்தது. ரிசோட்டோ சோற்றை உருண்டையாகப் பிடித்து, நடுவில் சீஸ் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. அரான்சினி என்றால் சின்ன ஆரஞ்சு என்று அர்த்தம், நிறமும் அப்படியே. தட்டில் இருந்தது மூன்று. நாங்கள் நான்கு பேர். கரண்டியால் வெட்டிப் பகிர்ந்தோம், ஆவி பறக்க சீஸ் நூலாக நீண்டது, எல்லோருக்கும் முக்கால் உருண்டை கிடைத்தது. நான்கு பேர் என்பதால் சமாளித்தோம். பதினோரு பேருக்கு இதே தட்டை எப்படிப் பங்கிடுவது? நான்கு தட்டு வாங்க வேண்டும். அப்படி ஒவ்வொன்றிலும் நான்கு வாங்கினால் அது சின்னத் தட்டாக இருக்காது, விலை கூடிய பந்தியாகிவிடும். எனவே ஆர்டர் கொடுக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை பீஸ் என்று கேட்பது அவசியம்.

இன்னொன்று, தட்டுகள் சமையலறையில் எது முதலில் ஆகிறதோ அந்த வரிசையில் வரும். பொரித்த கணவாயும் இறைச்சி உருண்டையும் ஒரே நேரத்தில் வந்து, ஒன்றைத் தின்பதற்குள் மற்றது ஆறிப்போனது. அதற்குப் பிறகு இருபது நிமிஷம் எதுவுமே வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் நான்கு தட்டு சொல்லுங்கள்: ஆறியே சாப்பிடுகிற சீஸ், ரொட்டி, கப்போனாட்டா என்கிற புளிப்பும் இனிப்புமான கத்திரிக்காய்க் கூட்டு மாதிரியானவை. அவை பாதி ஆனதும் பொரித்தவை. கடைசியாக ஒரு பாஸ்தாவோ, நியோக்கி என்கிற உருளைக்கிழங்கு உருண்டையோ. அந்தக் கடைசித் தட்டை விடாதீர்கள். நம் ஆட்களுக்குச் சோற்றின் இடத்தில் ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்தால்தான் சாப்பிட்ட திருப்தி வரும். ஆளுக்கு இரண்டு தட்டு, மேலே இருவருக்கு ஒரு பாஸ்தா என்றால் வயிறு நிறையும். நாங்கள் ஒரு பாஸ்தாதான் எடுத்தோம், அக்காவுக்குப் போதவில்லை.

மீன், இறைச்சி தொடாதவர்கள் கூட வந்தால் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் பார்மிஜானோ ரெஜானோ சீஸ், கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட்டால் உறைய வைப்பது. அதைப் பெஸ்டோ என்கிற துளசி வகை இலைத் துவையலிலும் பாஸ்தாவிலும் துருவிப் போடுவார்கள். காய்கறித் தட்டுகளில்கூட சில நேரம் நெத்திலியை எண்ணெயில் கரைத்துச் சேர்ப்பது உண்டு. நாஞ்சில் நாட்டுச் சைவக் குடும்பங்களில் எனக்கு நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள். பச்சைப் புள்ளி போட்ட மெனுவை நம்பிச் சாப்பிட்டுவிட்டு வருத்தப்படக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

பில் வந்தது. ஒன்பது தட்டுக்கு 3,990 ரூபாய். அதற்கு மேல் 399 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தார்கள். இதைப் பலர் பேசாமல் கட்டிவிட்டு வருகிறார்கள். கட்ட வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், உணவகங்கள் தாங்களாகவே சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அது சரியே என்று சொல்லிவிட்டது. நான் மேனேஜரிடம் அமைதியாகச் சொன்னேன், உடனே எடுத்துவிட்டார். எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்தான் என்றால் அவன் கையிலேயே கொடுங்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேர்த்து 4,189 ரூபாய் 50 காசு. ஆளுக்கு 1,050-க்குச் சற்றுக் குறைவு. இதே சாப்பாட்டைப் பெரிய நட்சத்திர விடுதிக்குள் சாப்பிட்டால், அதாவது அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகிற இடம் என்றால், வரி 18 சதவீதம். இதே தொகைக்குச் சுமார் 520 ரூபாய் கூடும், விடுதியில் தட்டின் விலையே கூடுதலாக இருக்கும் என்பது வேறு. எனவே தனியாக இருக்கிற உணவகமே மேல்.

கோவளத்தை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். லைட்ஹவுஸ் பீச்சில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடத்துகிற கடைகளில் பாஸ்தாவும் பீட்சாவும் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் மாலை வேளையில் மேசையைக் கடலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தால் அது வேறு அனுபவம்தான். ஆனால் ஆகஸ்ட் அங்கே மழையும் அலையும் உள்ள, ஆள் குறைந்த மாதம். பல கடைகள் மூடிக் கிடக்கும். மெனுவில் சைனீஸ், இத்தாலியன், வடக்கத்தி, கேரளா எல்லாம் இருக்கும் இடத்தில் சின்னத் தட்டுக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். அலையும் சூரிய அஸ்தமனமும் பார்க்க நமக்கு முட்டமும் சங்குத்துறையும் போதும்.

நாகர்கோவிலைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாக இருக்க வேண்டும். பீட்சாக் கடைகள், கஃபேக்கள் வந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்துவிடலாம், படி ஏறாமல் அப்பா உட்காரலாம். நான் ஒரு கடையில் புருஸ்கெட்டா என்று மெனுவில் பார்த்து ஆசையோடு ஆர்டர் செய்தேன். வந்தது இனிப்பான பால் ரொட்டி, அதன் மேல் தக்காளி சாஸ். செய்தவர் மேல் குறை இல்லை. நம் பேக்கரி ரொட்டியே டீயில் முக்கித் தின்பதற்காகச் சர்க்கரை போட்டுச் செய்வது. அந்த ரொட்டியில் பூண்டும் ஆலிவும் சேராது. இத்தாலியச் சின்னத் தட்டில் பாதி ரொட்டியில்தான் நிற்கிறது. ரொட்டி சரியில்லை என்றால் மீதி எதுவும் சரியாக அமையாது. ஒயிட் சாஸ் பாஸ்தாவும் சிக்கன் பீட்சாவும் போதும் என்கிற பிறந்தநாள் கூட்டத்துக்கு நாகர்கோவில் சரி. அத்தையை அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை.

மீதி இருந்தது வீடு. பதினோரு பேரும் திருவனந்தபுரம் போனால் சாப்பாடு மட்டும் 11,550 ரூபாய் ஆகும். டெம்போ டிராவலருக்கு 5,500 கேட்டார்கள். மொத்தம் 17,050. பணத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது மேசைதான். பதினோரு பேர் உட்கார்ந்த நீள மேசையில் இந்தக் கோடியில் வைத்த தட்டு அந்தக் கோடிக்குப் போய்ச் சேராது. சின்னத் தட்டின் சந்தோஷமே எல்லோரும் ஒரே தட்டுக்குக் கை நீட்டுவதில் இருக்கிறது. அது இல்லையென்றால் அவ்வளவு தூரம் போய் என்ன?

வீட்டில் செய்வது என்று முடிவானதும் அத்தை ஒன்று சொன்னார்: "வெனிஸ்காரன் சமையலுக்கு வேண்டியது பாதி குளச்சல்ல கிடக்கு மக்ளே." யோசித்துப் பார்த்தால் அது உண்மை. அவர்களுடைய பேர்போன சிக்கெத்தியில் ஒன்று சார்தே இன் சாவோர். நம் சாளைதான், மத்தி என்றும் சொல்வார்கள். பொரித்த சாளையை வெங்காயத்திலும் வினிகரிலும் ஊற வைப்பது. கப்பலில் போகிறவர்கள் மீன் கெடாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி. இன்னொன்று பக்காலா மந்தெகாத்தோ. 1431-இல் புறப்பட்ட பியேத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிதைந்து, பிழைத்தவர்கள் நார்வேயின் ரோஸ்ட் தீவில் கரை சேர்ந்தார்கள். அங்கே உப்பில்லாமல் குளிர் காற்றிலேயே காய வைத்த காட் மீனைப் பார்த்து, அதை வெனிஸுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கருவாட்டை ஊற வைத்து, வேக வைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி ஆகும் வரை அடிப்பார்கள். அந்த மீன் நமக்குக் கிடைக்காது என்பதால் அதை விட்டுவிட்டோம். கருவாட்டின் மேல் நமக்கிருக்கிற பிரியம் அவர்களுக்கும் இருக்கிறது என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

நாள் பார்த்ததிலும் வீட்டுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கமெல்லாம் ஆகஸ்டில்தான் படகுகள் முழுசாகக் கடலுக்குப் போகும். சின்னமுட்டத்தில் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நீங்கள் ஜூன், ஜூலையில் இப்படி ஒரு விருந்து வைப்பதாக இருந்தால் இறாலுக்கும் கணவாய்க்கும் அதிக விலை கொடுக்கத் தயாராக இருங்கள். வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளையும் நெத்திலியும் மட்டும் என்றால் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டோம் என்பதால் மீன்தான் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

சாளைக்கான வேலை புதன்கிழமை சாயங்காலமே தொடங்கியது. இரண்டு கிலோ சாளை, கைவிரல் நீளம், கண் தெளிவாக இருந்தது. அம்மா திண்ணையில் அரிவாள்மணையைப் போட்டுத் தலையையும் குடலையும் நீக்கிக் கழுவித் தந்தார். நான் மைதாவில் லேசாகப் புரட்டிப் பொரித்தேன், மசாலா எதுவும் இல்லை, உப்பு மட்டும். மசாலா இல்லாத சாளை பொரிவதைப் பார்க்க அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை; இரண்டு தடவை மிளகுப் பொடி டப்பாவை எடுத்து வந்தார், அத்தை இரண்டு தடவையும் வாங்கி ஓரமாக வைத்தார்.

வெங்காயம்தான் பொறுமையைச் சோதிக்கும். மீன் எடை எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு வெங்காயம் வேண்டும். மெல்லிசாக அரிந்து, ஆலிவ் எண்ணெயில், சிம்மில், முக்கால் மணி நேரம். சிவக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி ஆகி, குழைந்து, இனிப்பு வாசனை வரும்போது வினிகரை ஊற்ற வேண்டும். அப்போது எழும்பும் ஆவியில் மூக்கு சுறுசுறுவென்று எரியும். அது அடங்கியதும் ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. அவர்கள் இதில் பைன் கொட்டை போடுவார்கள். இங்கே அதன் விலையைக் கேட்டுவிட்டு அண்டிப்பருப்புக்கு, அதாவது முந்திரிப்பருப்புக்கு, மாறினோம். அண்டி ஆபீஸ்கள் (முந்திரி ஆலைகள்) இவ்வளவு இருக்கிற மாவட்டத்தில் வேறு எதைப் போடுவது? அம்மா இளவயதில் அண்டி ஆபீஸில் பருப்பு உடைத்தவர். பாதிப் பருப்புகளைச் சரியாகத் தேர்ந்து நெய் தொடாமல் வறுத்துத் தந்தார்.

மண்சட்டியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு வெங்காயம் என்று வைத்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம். இரண்டு நாள் தொடக் கூடாது. இதை யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. புளிமுளம் என்கிற நம் மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று தெரிந்த வீட்டில் இதற்கு விளக்கம் எதற்கு?

மற்றவை சுலபம். ரொட்டிக்கு ஃபொக்காச்சா செய்தோம்: மைதா, ஈஸ்ட், உப்பு, தண்ணீர், நிறைய ஆலிவ் எண்ணெய். முந்தின நாள் ராத்திரி பிசைந்து வைத்தால் போதும், வீட்டு ஓவனிலேயே வரும். அதை வெட்டிச் சுட்டு, பூண்டு தேய்த்து, தக்காளி வைத்தால் புருஸ்கெட்டாவும் ஆயிற்று. கத்திரிக்காய்க் கப்போனாட்டா காலையிலேயே முடிந்தது. கணவாயை வளையமாக அரிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு பொரித்தேன். நல்ல சூட்டில் இரண்டு நிமிஷம், அதற்கு மேல் போனால் ரப்பர். இறாலை எண்ணெயிலும் பூண்டிலும் வதக்கி, நம் மலையில் விளைந்த நல்லமிளகை இடித்துத் தூவியபோது கூடம் வரை வாசம் போனது. சீஸில் மட்டும் வீடு தோற்றது. பாக்கெட் மொசரெல்லா கிடைத்தது, அந்தப் புர்ராட்டாவின் பக்கத்தில்கூட அது வராது. புர்ராட்டாவுக்காகவே திருவனந்தபுரம் போகலாம் என்று இப்போதும் சொல்வேன். அரான்சினியையும் வீட்டில் முயலவில்லை; பதினோரு பேருக்கு உருண்டை பிடித்துப் பொரிப்பதற்கு அடுப்படியில் இன்னொரு ஆள் வேண்டும்.

இனிப்புக்கு அக்கா மகள் பன்னா கோட்டா என்கிற கிரீம் இனிப்பு செய்தாள். ஜெலட்டினுக்குப் பதில் சைனா கிராஸ், மேலே சர்க்கரைப் பாகுக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. குடிக்க நன்னாரி சர்பத்.

செலவு: மீன் வகை 1,900, சீஸ், ஆலிவ் எண்ணெய், கேப்பர் என்கிற ஊறவைத்த பூமொட்டு, ஆலிவ் எல்லாம் 2,600, காய்கறி, மாவு, மற்றவை 700. மொத்தம் 5,200 ரூபாய், ஆளுக்கு 475-க்கும் குறைவு. எண்ணெயும் கேப்பரும் பாதி மீந்தன. ஆனால் வேலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள் நான்கு பேர் அடுக்களையில் நின்றோம். அம்மா தன் கல்யாண நாளுக்குத் தானே மீன் ஆய்ந்தார். அவரே கேட்டு வாங்கிச் செய்தார் என்றாலும் அடுத்த முறை மீனைச் சந்தையிலேயே ஆய்ந்து வாங்குவேன். வீட்டில் அடுக்களைப் பாரம் முழுக்க ஒரே ஆள் மேல் விழும் என்றால் இந்த வழியை எடுக்காதீர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குத் திருவனந்தபுரமே மேல், பதினோரு பேராக இல்லாமல் இரண்டு தடவையாகப் பிரிந்து போனாலும் சரி.

பரிமாறும்போது உணவகத்தில் கற்றதை வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றையும் மூன்று சின்னத் தட்டாகப் பிரித்து மேசையில் மூன்று இடத்தில் வைத்தோம். ஆறியவை முதலில், பொரித்தவை பிறகு. யாருக்கும் எட்டவில்லை என்ற பேச்சே வரவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 மே 15 அன்று தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ரோமுக்குப் போய் வந்தவர். பத்து நாளும் அந்தச் சாப்பாட்டில் புளிப்பே இல்லை, நாக்கு செத்துப்போச்சு என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். சாவோர் சாளையை முதலில் சந்தேகமாக ஒரு துண்டு எடுத்தார். இரண்டு நாள் ஊறியதில் முள் இளகி, வெங்காயத்தின் இனிப்பும் வினிகரும் மீனுக்குள் இறங்கியிருந்தது. நடுவில் ஒரு திராட்சை. மாமா மூன்றாவது தடவை கை நீட்டியபோது அத்தை சட்டியையே அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "நீங்க ரோமுக்குப் போயிட்டு வெனிஸுக்கு வராம திரும்பிட்டீங்க மச்சான்" என்றார்.

அப்பா அன்று ராத்திரி அதிகம் சாப்பிடவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை அம்மா மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) வேக வைத்து மசித்து, மீந்திருந்த சாவோரைப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, வெனிஸில் இந்த மீனை வெள்ளை மக்காச்சோளக் களியோடுதான் வைப்பார்கள், கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும் என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டே கிழங்கைப் பிசைந்தார். அம்மா சட்டியின் அடியில் ஒட்டியிருந்த வெங்காயத்தையும் இரண்டு அண்டிப்பருப்பையும் விரலால் வழித்து அவர் தட்டில் போட்டார்.